பனிக்கு அஞ்சாத பித்தளை

பெரியதாழையில் ஒரு குழாயின் ஆயுளை நிர்ணயிப்பது உப்பு. கடற்காற்று இரும்பை அரித்துச் செதில் செதிலாக உதிர்த்துவிடும் என்பதை அறிந்தே, கையில் நாலு காசு உள்ளவர்கள் முற்றத்துக் குழாய்க்குக் கனமான பித்தளையாகத் தேடி வாங்குவார்கள். திருச்செந்தூரில் அலையோசை கேட்கும் தூரத்திலேயே நாழிக்கிணறு நன்னீர் சுரப்பதைத் தெய்வ சங்கற்பம் என்று கும்பிடுகிற எங்கள் கரையில், நல்ல தண்ணீர் கிடைப்பதே அருமை. அப்படிக் கிடைத்த தண்ணீரே தான் நிற்கும் குழாயைப் பிளந்துவிடும் என்று சொன்னால் அங்கே யாரும் நம்பமாட்டார்கள். கனடாவில் ஸ்கார்பரோவில் இருக்கும் என் மகள் வீட்டுப் புறச்சுவரில், பழைய குழாயை எடுத்துவிட்டுப் பனியில் உறையாத புதுக்குழாய் ஒன்றைப் பொருத்துவதை அருகிலிருந்து பார்க்க வாய்த்தபோதுதான், இப்படி ஒரு சத்துருவை வெல்லவும் பித்தளைக்கு ஒரு வித்தை உண்டு என்பதை அறிந்தேன்.

சத்துருவின் சுபாவத்தை முதலில் சொல்லவேண்டும். குளிரக் குளிரச் சுருங்கிவருகிற தண்ணீர், 4 டிகிரியைத் தொட்டதும் தன் போக்கை மாற்றிக்கொண்டு விரியத் தொடங்குகிறது. பனிக்கட்டியாக மாறும்போது கன அளவில் ஏறக்குறைய நூற்றுக்கு 9 பங்கு பெருகிவிடுகிறது. எந்த இடத்தில் உறைகிறதோ அந்த இடத்தில்தான் குழாய் வெடிக்கும் என்று எண்ணத் தோன்றும். உண்மை பெரும்பாலும் அப்படி அல்ல. ஒரு பக்கம் பனிக்கட்டி அடைத்துக்கொள்ள, மறுபக்கம் வாயை மூடிய குழாய் வழிமறிக்க, இடையில் அகப்பட்ட தண்ணீர், வளர்ந்துகொண்டே வரும் பனிக்கட்டியால் நெருக்குண்டு, போக்கிடமின்றி, அழுத்தம் தாங்க முடியாத அளவுக்கு ஏறியபின் செம்பைக் கிழித்துக்கொண்டு வெளிப்படுகிறது. இல்லினாய் பல்கலைக்கழகத்துக் கட்டட ஆராய்ச்சியாளர்கள் 1990-களில் இதைச் சோதனையாகவே செய்து காட்டியிருக்கிறார்கள். ஆகவே, குளிர் எட்டும் இடத்தில் தண்ணீரே இல்லாதபடி பார்த்துக்கொண்டால், மைனஸ் 20 டிகிரி இரவும் அந்தக் குழாயை ஒன்றும் செய்ய முடியாது.

உறையாக் குழாயின் சூட்சுமம் முழுவதும் இதில் அடங்கியிருக்கிறது. நம் ஊர்க் குழாயில் கைப்பிடிக்கு நேர் கீழே வாஷர் உட்கார்ந்து தண்ணீரை அடைக்கும். இங்கேயோ, கைப்பிடி மட்டும் வெளியே பனியில் நிற்க, அதைத் திருகினால் சுழலும் தண்டு, 8 அங்குலமோ 12 அங்குலமோ நீண்டு, செங்கல்லையும் அதன் பின்னுள்ள மரச்சட்டத்தையும் கண்ணாடிப் பஞ்சையும் கடந்து, கணப்பின் வெதுவெதுப்பு எட்டும் பேஸ்மென்டுக்குள் போய், அங்கேதான் வாஷரைத் தன் ஆசனத்தில் அழுத்துகிறது. வெளியே கை திருப்புகிறது. உள்ளே, கண்ணுக்கு மறைவான இடத்தில், காரியம் முடிகிறது. தண்டைச் சூழ்ந்த நீண்ட குழலில் மிஞ்சிய தண்ணீர், தலையிலுள்ள சிறு மூடியின் வழியாகக் காற்று உள்ளே புக, வெளியே வடிந்துபோகிறது. மூடிய பிறகும் சில விநாடிகள் நீர் சொட்டுவதைக் கண்டு, வாஷர் தேய்ந்துவிட்டது என்று நம்மவர்கள் இன்னும் இறுக்கித் திருகுவார்கள். இந்தக் குழாய்க்கோ அந்தச் சொட்டுதான் ஆரோக்கிய லட்சணம். குழல் காலியாகிக்கொண்டிருக்கிறது என்பதற்கு அதுவே பிரத்தியட்சப் பிரமாணம்.

இவ்வளவு நுட்பமும் பொருத்துகிறவரின் கையில்தான் உயிர்பெறும். வந்தவர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். சுவரில் துளையிடும்போதே துரப்பணத்தை வெளிப்புறம் சற்றுத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டார். குழாயைச் செருகிய பிறகு அதன்மேல் ரசமட்டத்தை வைத்து, குமிழி நடுக்கோட்டைவிட்டு உட்பக்கம் ஒரு மயிரிழை ஏறி நிற்கும்வரை, சுவரை ஒட்டிய வளையத்தின் அடியில் மெல்லிய ஆப்பை நகர்த்தி நகர்த்திப் பார்த்தார். சுவர்க்காரர்களும் தச்சர்களும் எந்தக் குமிழியை நடுவில் நிறுத்தப் பாடுபடுகிறார்களோ, அதை வேண்டுமென்றே இவ்வளவு என்று அளந்து விலக்குவது அழகாக இருந்தது.

“தம்பி, இந்தச் சரிவு போதுமா?” என்று கேட்டேன்.

“காணும் ஐயா. கூடச் சரிச்சால் பாக்க வடிவா இராது. குறைச்சால் தண்ணி உள்ளுக்கை நிண்டிடும்.”

பற்றவைப்பு என் மனத்தை இன்னும் கவர்ந்தது. தீயின் சூட்டில் வாஷர் உருகிவிடக் கூடாதென்று தண்டை முதலில் கழற்றி வெளியே எடுத்து வைத்தார். செம்புக் குழாயின் நுனியை உப்புத்தாளால் புதுக்காசுபோல் மின்னும்வரை தேய்த்து, பசையைத் தடவி, இரண்டையும் இணைத்து, சுடரை மூட்டின்மேல் காட்டினார், பற்றுக்கம்பியின்மேல் அல்ல. பதம் வந்ததும் சுடரை விலக்கிக் கம்பியால் மூட்டைத் தொட்ட மாத்திரத்தில், உருகிய உலோகம் செம்புக்கும் பித்தளைக்கும் இடையிலுள்ள மயிரிழை இடைவெளிக்குள் தானே உறிஞ்சப்பட்டுச் சென்று, சுற்றிலும் ஒரு வெள்ளி வளையமாகத் தோன்றிற்று. கம்பியை உருக்கி மேலே அப்புகிறவர்களும் உண்டு. அப்படிச் செய்த மூட்டு வெளியே பருத்தும் உள்ளே பொள்ளலாகவும் இருக்கும்.

கடைசியாகப் பஞ்சு. குழாய்க்குக் குளிருமே என்று அதை எல்லாப் பக்கமும் பொதிந்துவிடுவது சாமானிய புத்தி. இவர் வெளிச்சுவருக்கும் குழாய்க்கும் இடையில் மட்டும் பஞ்சை வைத்து, அறைப் பக்கத்தைத் திறந்தே விட்டார். வீட்டின் வெப்பம் குழாயை எட்டவேண்டுமல்லவா!

சுவர் இல்லாத இடத்துக்கும் இதே தத்துவம் உதவுகிறது. அந்த நாட்டுப் பண்ணைகளில் வெட்டவெளியில் நிற்கும் கைப்பிடிக் குழாய்களின் அடைப்பு, குளிர் இறங்காத ஆழத்தில், டொரொன்டோப் பகுதியில் ஏறக்குறைய 4 அடிக்கும் கீழே, சரளைக்கல் படுக்கையில் புதைந்திருக்கும். மூடியதும் மேலே நின்ற நீர் அடியிலுள்ள சிறு துவாரம் வழியாகச் சரளைக்குள் இறங்கிவிடும். எனக்கென்னவோ சுவர்க்குழாயின் மேல்தான் மோகம். அதன் காரியத்தைக் கண்ணால் பார்க்க முடிகிறது.

ஆனால் இத்தனை சாமர்த்தியத்தையும் ஒரு ரப்பர் ஹோஸ் வீணாக்கிவிடும். தோட்டத்துக்கு நீர் பாய்ச்சிய ஹோஸைக் கழற்றாமல் விட்டால், குழலில் மிஞ்சிய தண்ணீர் வடிய வழியின்றி நின்று உறைந்து குழலைப் பிளக்கும். பிளவு அடைப்புக்கு இப்பால் இருப்பதால் குளிர்காலம் முழுவதும் ஒரு துளியும் கசியாது. வசந்தத்தில் யாராவது செடிக்கு நீர்விடக் கைப்பிடியைத் திருப்பும்போதுதான் தண்ணீர் சுவருக்குள்ளே கொட்டும். “ஹோஸைக் கழட்டாமல் விட்டியளெண்டால் இந்தப் பைப்பால ஒரு பிரயோசனமும் இல்லை” என்று அவர் என் மருமகனிடம் இரண்டு தரம் சொல்லிவிட்டு, பேஸ்மென்டில் குழாய்க்கு முன்னால் தனியாக ஒரு வால்வையும் வைத்துக் கொடுத்தார். உறையாக் குழாய்க்கு அது தண்டச் செலவு என்பார் உண்டு. நான் ஒப்பமாட்டேன், வாஷர் தேய்ந்து மாற்றவேண்டி வரும் நாளில் வீடு முழுவதற்கும் தண்ணீரை நிறுத்தாமல் அதை ஒன்றை மட்டும் மூடினால் போதும், அக்டோபரில் ஹோஸை மறந்துவிட்டார்களோ என்று ஐயம் தோன்றினால் அதை மூடி வைத்துவிட்டு, வசந்தத்தில் கீழே ஒருவர் நின்று பார்த்துக்கொண்டிருக்கையில் மெல்லத் திறக்கவும் வசதியாக இருக்கும்.