மேல் ஜாக்கி வீலுக்கு ஒரு குச்சி போதும்

ஹனோவரில் மழை விட்டதும் ஐலென்ரீடே காட்டுப் பாதையில் ஓட்டுகிறவர்களுக்குத் தெரியும்: அந்தப் பொடி மணல் செயின் எண்ணெயோடு குழைந்து ஏறுவது ஜாக்கி வீலில்தான். பல்லின் இரு பக்கமும் கருப்பாகக் கெட்டிப்பட்டு, சுற்றுக்குச் சுற்று செயினுக்கே திரும்பும். கேசட்டைக் கொண்டாடுவார்கள், கிராங்கைப் படமெடுப்பார்கள். என் கண் மேல் ஜாக்கி வீலை விட்டு நகராது.

ஷிமானோவின் பல மாடல்களில் அது பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும். செயின் அடுத்த பல்லுக்கு நேராக வந்து விழட்டும் என்று வைத்த ஆட்டம். தேய்ந்துவிட்டதென்று அதைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. கழற்றிக் கழுவி, கீழ் வீலை மேலே பூட்டிவிட்டு, கியர் ஏன் தடுமாறுகிறது என்று கேட்கிறவர்களும் உண்டு. கழற்றவே வேண்டாம். பெடலைப் பின்னால் சுற்றியபடி ஐஸ் குச்சியைப் பல்லோரம் பிடித்தால் அழுக்கு சுருள் சுருளாக உதிரும். அப்புறம் உலர்ந்த பனியன் வேஸ்ட். நடுவில் இருக்கும் புஷ்ஷுக்குள் ஸ்ப்ரே அடிக்கக் கூடாது.

செயினுக்கும் இதே நீதி. அதன் உயிர் ரோலருக்குள், பின்னைச் சுற்றிக் கம்பெனி வைத்த கிரீஸில் இருக்கிறது. ஊறவைத்தால் கிரீஸ் வெளியே வரும், மணல் உள்ளே போகும். இறுக்கித் துடைத்து, ரோலருக்கு ஒரு சொட்டு விட்டு, மறுபடி துடைத்தால் ஆயிற்று. மெழுகுக் கட்சியோடு எனக்குச் சண்டையில்லை. மெழுகு பிடிக்க வெறும் இரும்பு வேண்டும், அவர்கள் முதலில் கழுவித்தான் ஆக வேண்டும். எண்ணெய் விட்டு ஓட்டிக்கொண்டே வாராவாரம் அல்ட்ராசோனிக் தொட்டியில் முக்குகிறவர்களைத்தான் புரியவில்லை. கார்த்திகைக்குக் குத்துவிளக்குத் துலக்குவதுபோலக் கேசட்டைத் துலக்குகிறார்கள்.

நம்மூர் சைக்கிள் கடையில் ஓவராயில் என்றால் மண்ணெண்ணெய்த் தட்டு நிச்சயம் இருக்கும். பால்ரஸையெல்லாம் அதில் கழுவுவார்கள். புது கிரீஸ் வைக்காமல் எதையும் பூட்டமாட்டார்கள். இப்போது அந்த இரண்டாம் பாதி வழக்கொழிந்துவிட்டது. கேசட்டுக்கு அடிக்கிற ஸ்ப்ரே ஃப்ரீஹப்புக்குள் இறங்கி, கிரீஸைக் கரைத்து, ராட்செட்டைக் கத்தவிடுகிறது. கடைக்கு எடுத்துப் போனால், “முழுசா மாத்திடுங்க” என்கிறார்கள்.

பளபளப்பை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள். காசெல் பக்கத்து ரோலோஃப் கேலிபரோ வேறு எந்தக் கேஜோ, கையில் ஒன்று இருக்கட்டும். 11, 12 ஸ்பீடு செயின் 0.5 சதவீதம் நீண்டுவிட்டால் மாற்றிவிடுங்கள். அதுவரை துணியும் குச்சியும் எண்ணெயும் போதும்.