உள்ளூர்க்காரர் என்பதற்கு என்ன ஆதாரம்?

‘உங்களுக்கு எந்த ஊரு?’ என்று கேட்டால் நம்மில் பலர் இப்போது குடியிருக்கும் ஊரைச் சொல்வதில்லை. முப்பது வருஷமாகச் சென்னையில் இருப்பவர் ‘திருநெல்வேலிப் பக்கம்’ என்பார். அங்கே அவருக்கு ஒரு சென்ட் நிலம்கூட இருக்காது. பேச்சில் இதனால் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் இந்தக் கேள்விக்கான பதிலை வைத்துத்தான் ஒருவருக்கு வீடு உண்டா இல்லையா என்று முடிவு செய்ய வேண்டும் என்றால்? இங்கிலாந்தின் கிராமங்களில் குறைந்த வாடகை வீடுகளை ஒதுக்கும் முறையில் ஏறக்குறைய இதுதான் நடக்கிறது. அங்கே இதற்கு ‘உள்ளூர்த் தொடர்பு’ என்று பெயர். இதைப் படிக்க ஆரம்பித்தபோது நான் இந்த விதியின் பக்கம்தான் இருந்தேன். நகரத்துப் பணக்காரர்கள் விடுமுறைக்கு என்று வீடு வாங்கி வருஷத்தில் பத்து மாதம் பூட்டி வைக்கிறார்கள், ஊரில் பிறந்த பிள்ளைக்கு இடமில்லை என்றால் யாருக்குத்தான் கோபம் வராது? இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஏன் என்பதற்குத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று பார்த்துவிடலாம். கிராமத்தின் விளிம்பில் ஒரு வயல். சாதாரணமாக அங்கே வீடு கட்ட அனுமதி கிடைக்காது. ஆனால் உள்ளூர் மக்களுக்கான மலிவு வீடுகள் மட்டும் என்றால் விதிவிலக்காக அனுமதிப்பார்கள். 1990களின் தொடக்கத்தில் இருந்து இந்த வழி இருக்கிறது. ‘கிராமப்புற விதிவிலக்கு மனை’ என்று சொல்லலாம். வேறு எதற்கும் அனுமதி வராது என்பதால் நிலத்தின் விலை விவசாய நிலத்தின் விலையைவிடக் கொஞ்சம்தான் கூடுதலாக இருக்கும். வீட்டு மனை விலை அதைப்போலப் பல மடங்கு. மலிவு வாடகை சாத்தியமாவதே இந்த இடைவெளியால்தான்.

வீட்டில் யார் குடியேறலாம் என்பது 1990ஆம் ஆண்டின் திட்டமிடல் சட்டத்தில் உள்ள பிரிவு 106இன் கீழ் போடும் ஒப்பந்தத்தில் எழுதப்படும். அந்த பாரிஷில் இத்தனை வருஷம் குடியிருந்தவர், முன்பு இருந்தவர், பெற்றோரோ உடன்பிறந்தவர்களோ அங்கே இருப்பவர், அங்கே வேலை பார்ப்பவர் என்று ஒரு பட்டியல். வருஷக் கணக்கு ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் மாறும். அப்படி யாரும் கிடைக்கவில்லை என்றால் சில வாரங்கள் காத்திருந்துவிட்டுப் பக்கத்து பாரிஷ்களுக்கும், பிறகு மாவட்டம் முழுவதற்கும் வட்டத்தை விரிப்பார்கள்.

என்னை உறுத்துவது இந்த வரிசைதான். மற்ற சமூக வீடுகளுக்குக் கவுன்சிலின் காத்திருப்போர் பட்டியலில் தேவையைப் பொறுத்துத் தரம் பிரிக்கிறார்கள். வீடில்லாதவர், நெருக்கடியில் ஆறு பேர் ஒரே அறையில் இருப்பவர், நோயாளி எல்லாம் மேலே. பிரிவு 106 வீட்டில் இது தலைகீழ். முதல் சல்லடை உள்ளூர்த் தொடர்பு, தேவை என்பது இரண்டாவது. அதனால் அவசரத் தேவை உள்ள வெளியூர்க்காரரைத் தாண்டி, ஓரளவு சமாளித்துக்கொண்டிருக்கும் உள்ளூர்க்காரர் போய்விட முடியும். இரண்டு சல்லடையும் இருக்கே, அப்புறம் என்ன என்று கேட்கலாம். இருக்கிறது. ஆனால் எது முன்னே என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம். ஒரே கிராமத்தில் பிறந்த அக்கா, தங்கை. அக்காவுக்கு ஊரில் வாடகை கட்டுப்படியாகவில்லை, இருபது மைல் தள்ளி டவுனுக்குப் போய்விட்டாள். தங்கை அம்மா வீட்டிலேயே ஒரு அறையில் இருக்கிறாள். எட்டு வருஷம் கழித்து ஊரில் ஆறு வீடு கட்டுகிறார்கள். அதற்குள் பெற்றோர் காலமாகி, தங்கையும் பக்கத்து ஊருக்கு மாறியிருந்தால் அக்காவிடம் காட்ட என்ன இருக்கும்? வாடகை விலை யாரை ஊரைவிட்டு விரட்டியதோ, அவர்களுடைய தொடர்புதான் முதலில் காலாவதியாகிறது. வீட்டுத் தேவைக் கணக்கெடுப்பிலும் இதே கோளாறுதான். கேள்வித்தாள் பாரிஷில் உள்ள வீடுகளுக்குப் போகும். போய்விட்டவர்களுக்கு உறவினர் யாராவது சொன்னால்தான் உண்டு. கணக்கெடுத்து, நிலம் தேடி, அனுமதி வாங்கி, கட்டி முடிக்கப் பல வருஷமாகும். கணக்கில் வந்தவர்களே அதுவரை காத்திருப்பார்களா என்பது சந்தேகம்.

இதன் பூர்வீகம் பழையது. 1662ஆம் ஆண்டின் குடியமர்வுச் சட்டப்படி, ஒரு பாரிஷுக்குப் புதிதாக வந்த ஏழை, ஆண்டுக்கு 10 பவுண்டுக்குக் குறைந்த வாடகையில் குடியிருந்தால் 40 நாளுக்குள் புகார் கொடுத்து அவரைச் சொந்த பாரிஷுக்குத் திருப்பி அனுப்பலாம். ஏழைகளைக் காக்கும் செலவு அந்தந்த பாரிஷின் தலையில் இருந்ததால் வந்த ஏற்பாடு. இதில் ஒரு விசேஷம் உண்டு. நிலமெல்லாம் ஓரிரு ஜமீன்தார்கள் கையில் இருந்த பாரிஷ்களில், கூலியாட்கள் குடியுரிமை பெற்றுவிடக் கூடாது என்று குடிசைகளைக் கட்டவிடாமலும் இடித்தும் வைத்தார்கள். ஆட்கள் பக்கத்துக் கிராமத்தில் நெரிசலில் கிடந்து, தினமும் மைல் கணக்கில் நடந்து இங்கே வேலைக்கு வந்தார்கள். உழைப்பு நமக்கு, செலவு அவனுக்கு. 1865இல் செலவை பாரிஷிடமிருந்து எடுத்துப் பல பாரிஷ்கள் சேர்ந்த ஒன்றியத்திடம் கொடுத்த பிறகுதான் இந்தத் தந்திரத்துக்கு லாபமில்லாமல் போனது.

‘உள்ளூர்த் தொடர்பு’ என்ற சொல் வீடற்றோர் சட்டத்தில் 1977இல் வந்தது. இப்போது 1996 சட்டத்தின் பிரிவு 199இல் இருக்கிறது: சொந்த விருப்பத்தில் குடியிருந்தது, வேலை, குடும்பம், விசேஷக் காரணம். அதில் அது வாசலை அடைப்பதற்கு அல்ல, எந்தக் கவுன்சில் பொறுப்பு ஏற்க வேண்டும் என்று பிரித்துக்கொள்வதற்கு. கிராமத்து வீட்டு ஒப்பந்தத்தில் வரும்போது அதே சொல் வாசல்காரனாகிவிடுகிறது. 1662இன் வாடை எனக்கு அதில் அடிக்கிறது. மிகைப்படுத்துகிறேனோ என்னவோ. இப்போது யாரையும் வண்டியில் ஏற்றி அனுப்புவதில்லைதான்.

சரி, இந்த விதி தன் சொந்த நோக்கத்தையாவது சாதிக்கிறதா? விற்பனை வீடுகளில் இதை முயன்ற அனுபவம் அவ்வளவு நன்றாக இல்லை. லேக் டிஸ்ட்ரிக்டில் 1970களின் இறுதியில் புதிய வீடுகளை உள்ளூர்த் தேவைக்கு மட்டும் என்று கட்டுப்படுத்தினார்கள். அதை ஆராய்ந்த மார்க் ஷக்ஸ்மித் 1981இல் எழுதிய நூலின் தலைப்பே ‘உள்ளூர்க்காரர்களுக்கு வீடில்லையா?’ என்ற பொருளில் இருக்கும். வெளியூர்ப் பணம் ஓடிவிடவில்லை. கட்டுப்பாடு இல்லாத பழைய வீடுகளின் பக்கம் திரும்பியது, அவற்றின் விலையை ஏற்றியது. புதிதாகக் கட்டுபவர்களும் குறைந்தார்கள். கவுன்சில் வீடுகளைக் குடியிருப்பவர்களுக்கே விற்ற 1980க்குப் பிந்தைய திட்டத்திலும் ஒரு நிபந்தனை உண்டு: தேசியப் பூங்கா போன்ற இடங்களில் மறுவிற்பனை செய்தால், வாங்குபவர் அந்த வட்டாரத்தில் மூன்று வருஷம் குடியிருந்தோ வேலை பார்த்தோ இருக்க வேண்டும். வருமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அங்கே மூன்று வருஷமாக இருக்கும் கோடீஸ்வரருக்கு இதில் ஒரு தடையும் கிடையாது.

இந்த ஓட்டையைத்தான் ஐரோப்பிய நீதிமன்றம் 2013 மே மாதம் பெல்ஜியம் வழக்கில் பிடித்தது. ஃபிளாண்டர்ஸ் அரசு 2009இல் போட்ட ஆணையின்படி, நில விலை அதிகமான சில ஊர்களில் வீடு, நிலம் வாங்க ‘போதுமான பந்தம்’ வேண்டும். தொடர்ந்து ஆறு வருஷம் குடியிருந்திருக்க வேண்டும், அல்லது வாரத்தில் பாதி நாளாவது அங்கே வேலை செய்ய வேண்டும், அல்லது நீண்டகாலக் குடும்ப, சமூக, பொருளாதார உறவு இருக்க வேண்டும். வசதி குறைந்த உள்ளூர்வாசிகளுக்காக என்றது அரசு. இந்த நிபந்தனைகளில் எதுவும் வசதிக்குறைவைப் பார்க்கவில்லையே, பணக்காரரும் இதில் தேறிவிடுவாரே என்றது நீதிமன்றம். நோக்கம் சரி, அளவுகோல் தப்பு. பிரஸ்ஸல்ஸிலிருந்து பிரெஞ்சு பேசுகிறவர்கள் சுற்றுவட்டாரத்துக்கு வருவதைத் தடுக்கத்தான் இது என்ற சந்தேகமும் அங்கே பேசப்பட்டது. ஆணையின் இந்த நிபந்தனைகளில் மொழியைப் பற்றி எதுவும் இல்லை. பந்தம் என்று மட்டும் கேட்டாலே போதும், மற்றதைப் பழைய மக்கள்தொகை பார்த்துக்கொள்ளும்.

இங்கிலாந்திலும் அப்படித்தான். கிராமப்புறம் நகரத்தைவிட அதிகமாக வெள்ளையர் வாழும் இடம். பிறப்பையும் பெற்றோரையும் கேட்கும் விதி யாரையும் பெயர் சொல்லி விலக்காது, ஆனால் இருக்கிற கலவையை அப்படியே நகலெடுக்கும். லண்டனின் ஹில்லிங்டன் கவுன்சில் பத்து வருஷத் தொடர் குடியிருப்பைக் கேட்டபோது, அது அகதிகளையும் ஐரிஷ் டிராவலர்களையும் மறைமுகமாகப் பாகுபடுத்துகிறது, கவுன்சில் அதை நியாயப்படுத்தவில்லை என்று 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அது நகரம்தான், ஆனால் தர்க்கம் கிராமத்துக்கும் பொருந்தும். கிராமத்து முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்க்க வெளிநாட்டிலிருந்து வந்த பெண்ணுக்கு அந்த பாரிஷில் பாட்டி இல்லை.

கார்ன்வாலின் செயின்ட் ஐவ்ஸில் 2016 மே மாதம் மக்கள் வாக்களித்து ஏற்ற விதி வேறு மாதிரி. புதிதாகக் கட்டும் வீடு வாங்குபவருக்கு முதன்மைக் குடியிருப்பாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எங்கே பிறந்தாய் என்று கேட்கவில்லை, இனிமேல் இங்கே வாழ்வாயா என்று கேட்டது. அதே வருஷம் உயர்நீதிமன்றத்திலும் நின்றது. விலையை அது இறக்கிவிடாது, பழைய வீடுகளைத் தொடவும் இல்லை. ஆனாலும் கேள்வி கேட்கும் திசை எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்படியானால் தொடர்பு விதியைத் தூக்கிப் போட்டுவிடலாமா? இங்கேதான் நான் தயங்குகிறேன். வயலைக் குறைந்த விலைக்குக் கொடுக்கும் விவசாயி ‘எங்க ஊருப் பிள்ளைகளுக்கு’ என்பதால் கொடுக்கிறார். கூட்டத்தில் எதிர்த்துக் கை தூக்க வந்தவர், தபால்காரரின் மகளுக்கு என்று தெரிந்தால் கையை இறக்குகிறார். விதி இல்லையென்றால் வீடுகளே இல்லாமல் போகலாம். ஆக இந்த விதியை நியாயத்தின் பெயரால் பாதுகாக்க முடியாது, பேரத்தின் பெயரால் முடியும். அப்படிச் சொல்லியே பாதுகாத்தால் நான் ஏற்றுக்கொள்வேன். கொள்கை ஆவணங்கள் இரண்டையும் கலந்து ‘உள்ளூர்த் தேவை’ என்று ஒரே சொல்லாக எழுதும்போதுதான் சிக்கல்.

பேரம் என்றால் பேசி மாற்றலாம். வேலைக்கு வருபவரைப் பிறந்தவருக்குச் சமமாக வைக்கலாம், வேலை உத்தரவு கையில் இருந்தாலே போதும் என்று. வாடகை தாளாமல் போனவருக்குத் தொடர்பு காலாவதி ஆகாது என்று ஒரு வரி சேர்க்கலாம். ஆறு வீட்டில் ஒன்றிரண்டைத் தேவையின் வரிசைக்கே விடலாம். கடைசியாகச் சொன்னதற்கு எத்தனை நில உரிமையாளர்கள் சம்மதிப்பார்கள் என்பது மட்டும் எந்த ஒப்பந்தத்தைப் படித்தாலும் தெரியாது. அது கையெழுத்துக்கு முன்பு, யாரோ ஒருவர் வீட்டுச் சமையலறை மேஜையில் நடக்கும் பேச்சு.