அளவெடுத்துப் போட்ட ஜன்னல்

கட்டடக்கலை வரலாற்றுப் புத்தகம் எதைப் புரட்டினாலும் மறுமலர்ச்சிக் காலம் தொடங்கும் இடத்தில் இந்தப் படம் வந்துவிடும். ஃப்ளாரன்ஸ் நகரம், ஒன்பது வளைவுகளோடு ஒரு நீளத் தாழ்வாரம், மெலிந்த சாம்பல் நிறக் கல்தூண்கள். கீழே ‘புரூனெல்லெஸ்கி, 1419’ என்று போட்டிருக்கும். தூணின் உயரம், தூணுக்கும் தூணுக்கும் உள்ள இடைவெளி, தாழ்வாரத்தின் ஆழம் மூன்றும் ஒரே அளவு என்று விளக்குவார்கள். அப்புறம் அடுத்த கட்டடத்துக்குப் போய்விடுவார்கள்.

தப்பில்லை. ஆனா அதே தாழ்வாரத்தின் இடது கோடியில் கம்பி போட்ட சின்ன ஜன்னல் ஒன்று இருக்கிறது. அதன் அளவை இந்தப் புத்தகங்கள் பேசுவதில்லை. என்னைக் கேட்டால், அந்தக் கட்டடத்தைப் புரிந்துகொள்ள முதலில் பார்க்கவேண்டிய அளவு அதுதான்.

கட்டடத்தின் பெயர் ஓஸ்பெடாலே டெலி இன்னொசென்டி. ஏரோது கொன்ற மாசில்லாக் குழந்தைகளின் பெயரால் வைத்தது. நம் பாட்டிகள் சொல்லும் ‘தர்மாஸ்பத்திரி’ மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் நோயாளிகளுக்காகக் கட்டியதல்ல. பெற்றவர்கள் விட்டுவிட்டுப் போன குழந்தைகளுக்கு. பட்டு வணிகர் சங்கம் கட்டியது. பொற்கொல்லரான புரூனெல்லெஸ்கியும் அதே சங்கத்து ஆள். கைவிடப்பட்ட குழந்தைகளுக்கு ஒரு இடம் வேண்டும் என்று பிராட்டோ ஊர் வணிகர் ஃபிரான்செஸ்கோ டாட்டினி உயிலில் 1000 ஃப்ளோரின் எழுதிவைத்தார். 1445 பிப்ரவரி 5 அன்று முதல் குழந்தை வந்தது. பெண் குழந்தை. அன்றைக்குப் புனித ஆகத்தா திருநாள் என்பதால் ஆகத்தா ஸ்மெரால்டா என்று பெயர் வைத்தார்கள்.

இங்கேதான் எனக்கு முதல் மனத்தாங்கல். நன்கொடை கொடுத்த வணிகர்களின் ஈகையைப் புகழ்ந்து முடித்துவிடுகிறார்கள். தொடக்க வருஷங்களில் அங்கே வந்த குழந்தைகளில் கணிசமானவை வசதியான வீடுகளில் இருந்த அடிமைப் பெண்களுக்குப் பிறந்தவை. தகப்பன் பெரும்பாலும் எஜமானனோ அந்த வீட்டு ஆண்களில் ஒருவனோ. டாட்டினிக்கே வீட்டு அடிமை லூசியா வழியாக ஒரு மகள் உண்டு. அவளை அவர் வீட்டில் வளர்த்தார், அது வேற கதை. எல்லா வீட்டிலும் அப்படி நடக்கவில்லை. தர்மம் செய்த வர்க்கமும், தர்மத்துக்கு வேலை வைத்த வர்க்கமும் ஒன்றுதான் என்பது அந்தத் தூண்களின் கணக்கில் தெரியாது. பதிவேட்டில் தெரியும். எந்தக் குழந்தை எப்போது வந்தது, என்ன துணி சுற்றியிருந்தது, எந்தத் தாதியிடம் கொடுத்தார்கள், எத்தனை சம்பளம் என்றெல்லாம் எழுதிவைத்திருக்கிறார்கள். ஆண் குழந்தைகளைவிடப் பெண் குழந்தைகள் அதிகம் வந்ததும் அதில் இருக்கிறது. கிராமத்துத் தாதிகளிடம் போனதில் நிறையப் பேர் திரும்பவில்லை, செத்துப்போனார்கள்.

இப்போது ஜன்னலுக்கு வருவோம். ஆரம்பத்தில் தாழ்வாரத்தில் ஒரு கல்தொட்டி இருந்தது, குழந்தையை அதில் வைத்துவிட்டுப் போவார்கள். 1660இல் தொட்டியை எடுத்துவிட்டுக் கம்பி ஜன்னல் போட்டார்கள். கம்பிகளுக்கு நடுவே பச்சைக் குழந்தை மட்டுமே நுழையும். கொஞ்சம் வளர்ந்த பிள்ளையைக் கொண்டுவந்தால் உள்ளே போகாது. பஞ்சத்தில் மூன்று வயசுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்துவந்த அம்மாவுக்கு அந்தக் கம்பியே பதில். யாரும் வாய் திறந்து ‘முடியாது’ என்று சொல்ல வேண்டியதில்லை. 1875இல் அதையும் மூடினார்கள்.

வளைவுகளுக்கு மேலே நீல வட்டங்களில் துணி சுற்றிய குழந்தைகள் இருக்கிறார்களே, அவை 1487 வாக்கில் ஆந்திரேயா டெல்லா ரோபியா செய்தவை. புரூனெல்லெஸ்கி அந்த வட்டங்களை வெறுமையாகத்தான் விட்டிருந்தார். உள்ளே யார் இருக்கிறார்கள் என்று வெளியே சொன்னது அந்தப் பொம்மைகள்தான். தூய வடிவக் கணக்குப் பேசுகிறவர்கள் அவற்றை ‘பிற்சேர்க்கை’ என்று ஒதுக்குவதைப் படிக்கும்போது எரிச்சலாக இருக்கும்.

இன்றைய உபயோகத்தில் எனக்குப் பெரிய குறை இல்லை. பழைய தர்மக் கட்டடங்கள் சில ஹோட்டலாகிவிட்டன. இது இன்றும் குழந்தைகளுக்காகவே இயங்குகிறது. 1988 முதல் யுனிசெஃப் ஆய்வு மையமும் அங்கே இருக்கிறது. 2016இல் புதுப்பித்துத் திறந்த அருங்காட்சியகத்தில் சின்னச் சின்ன இழுப்பறைகள். ஒவ்வொன்றிலும் ஒரு குழந்தையோடு வந்த அடையாளப் பொருள்: பாதியாக வெட்டிய பதக்கம், மணி, துண்டுக் காசு. மீதிப் பாதி அம்மாவிடம். என்றாவது திரும்பி வந்தால் பொருத்திப் பார்ப்பதற்கு. மொட்டைமாடியில் காபிக் கடை வைத்திருக்கிறார்கள். முன்பு இங்கேயே வளர்ந்து, கல்யாணமும் ஆகாமல் தங்கிவிட்ட பெண்கள் துணி உலர்த்திய இடம் அது. காட்சி நன்றாக இருக்கும் என்கிறார்கள். இருக்கட்டும்.

புத்தகக்காரர்களிடம் கேட்பது ஒன்றுதான்: அந்த ஒன்பது வளைவுப் படத்துக்குப் பக்கத்தில் ஒரு விரல் அகலம் இடம் விடுங்கள், ஜன்னல் படம் அதில் அடங்கிவிடும்.