டீக்கடைப் பேப்பர்

மீஞ்சூர் ஸ்டேஷன் பக்கத்து டீக்கடைகளில் ஒரே பேப்பரை ஆறு பேர் படிப்பார்கள். தாள் தாளாகப் பிரித்து ஆளுக்கொரு பக்கம். முதல் பக்கம் நம் கைக்கு வருவதற்குள் டீ ஆறிவிடும். அநேகமாக அது ‘தினத்தந்தி’யாகத்தான் இருக்கும்.

1942-ல் மதுரையில் சி.பா.ஆதித்தனார் ஆரம்பித்த பேப்பர். எழுத்துக் கூட்டிப் படிக்கிறவருக்கும் புரியவேண்டும் என்பது அவர் கட்சி. அதற்காக ‘இதழாளர் கையேடு’ என்று ஒரு புத்தகமே எழுதினார். ‘தினமணி’க்கு ரயில், தந்திக்கு ரெயில். இதைச் சொல்லிச் சிரிக்கிற நண்பர்கள் எனக்கு உண்டு. சிரிக்க என்ன இருக்கிறது? மீஞ்சூரில் ஒருவர் ரெயிலில் அடிபட்டால் அவர் பெயர், வயது, தெரு, என்ன வேலை, எத்தனை பிள்ளைகள் எல்லாம் தந்தியில் வரும். ஆங்கிலப் பேப்பரில் வந்தால் ஒரு வரி.

அப்படியானால் டீக்கடைப் பேப்பர்தான் ஏழைபங்காளனா? அங்கேதான் இடிக்கிறது.

மீஞ்சூரைத் தாண்டிக் கடல் பக்கம் போனால் காட்டுப்பள்ளி துறைமுகம். சுமார் 330 ஏக்கரில் இருப்பதை 6,100 ஏக்கருக்கு மேல் விரிவாக்க அதானி குழுமம் திட்டம் போட்டது. பழவேற்காட்டு மீனவர்கள் எதிர்த்தார்கள். கருத்துக் கேட்புக் கூட்டத்துக்கு 2021 ஜனவரி 22 என்று தேதி குறித்தார்கள். தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5 என்றார்கள். அதுவும் தள்ளிப்போனது.

இந்த மாதிரிக் கூட்டம் என்றால், குறைந்தது 30 நாள் முன்னால் ஒரு தேசிய நாளிதழ், ஒரு வட்டார மொழி நாளிதழ் இரண்டிலும் விளம்பரம் தரவேண்டும் என்கிறது மத்திய அரசின் 2006 சுற்றுச்சூழல் அறிவிக்கை. நாட்டில் இரண்டு ரகப் பேப்பர் இருப்பது சட்டத்துக்கே தெரிந்திருக்கிறது!

விளம்பரம் சரி, செய்தி? நான் படித்தவரையில் ஆங்கிலப் பேப்பர்களில் ஏரி, இறால், அலையாத்திக் காடு என்று மேப்போடு விளக்கமாக வந்தது. பிசினஸ் பேப்பரில் அதே விஷயம் ‘வருஷத்துக்கு 320 மில்லியன் டன்’. பி.காம். படித்த எனக்கு இரண்டும் புரிந்தது. டீக்கடைப் பேப்பரில்? போராட்டம் நடந்தால் மறியல், கைது, போலீஸ் குவிப்பு. எதற்கு மறியல் என்பதற்கு இரண்டே வரி.

யார் வலை போகப்போகிறதோ அவருக்கு இரண்டு வரி. அண்ணாநகரில் காபி குடிக்கிறவருக்கு அரைப் பக்கம். தமிழில் எளிமையாகச் சொல்லத் தெரியாதா என்றால், தெரியும் சார். ஒரு கொலை வழக்கில் யார் யாருக்கு என்ன உறவு, எந்தச் சொத்தில் தகராறு என்று குழந்தைக்கும் புரிகிற மாதிரி எழுதுகிறவர்கள் இவர்கள்தான். அந்தத் திறமையில் பாதியை அந்த 6,100 ஏக்கருக்குச் செலவழித்திருந்தால் போதும்.

ஆதித்தனார் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவரைப் பேப்பர் படிக்க வைத்துவிட்டார். தன் ஊரைப் பற்றி அவர் முழுசாகப் படிக்கவேண்டாமா? விளம்பரம் வந்த அந்தத் தாளா? அது எப்போதோ பஜ்ஜி மடிக்கப் போய்விட்டது.