வினிகரும் பஞ்சும் போதுமா?

மார்ச் 8 நெருங்கும்போது தனியார் மருத்துவமனைகளின் பேனர்களில் பெண்கள் சிரிக்கத் தொடங்குவார்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்குப் பாதி விலையில் மாஸ்டர் செக்கப். அக்டோபர் வந்தால் அதே பேனர் ரோஜா நிறத்துக்கு மாறும். அது மார்பகப் புற்றுநோய் மாதம். கிராமத்தில் இதன் வடிவம் வேறு. பள்ளிக்கூடத்திலோ சமுதாயக் கூடத்திலோ முகாம், சுகர், பிரஷர் பார்க்க ஒரு மேசை, மைக்கில் டாக்டரின் பேச்சு, கையில் ஒரு துண்டறிக்கை. மகளிர் குழுவுக்குச் சொல்லிவிட்டால் கூட்டம் சேர்ந்துவிடும். மறுநாள் செய்தித்தாளில், இத்தனை பெண்கள் பயன்பெற்றனர் என்று நாலு வரி வரும்.

பயன்பெற்றார்களா என்பதைத்தான் யாரும் திரும்பிப் போய்ப் பார்ப்பதில்லை. வயது ஏற ஏறப் பெண்கள் தங்கள் உடலைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும், நோய் வருமுன் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்பதில் இரண்டு கருத்து இருக்க முடியாது. ஆனால் தெரிந்துகொண்டதால் எத்தனை உயிர் பிழைத்தது? இதற்கு ஊகத்தில் பதில் தேட வேண்டிய அவசியம் இல்லை. இந்தக் கேள்வியை முறையாகக் கேட்டுப் பார்த்த ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றில் முக்கியமான ஒன்று திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது.

ஒட்டன்சத்திரத்தை ஒட்டிய அம்பிளிக்கை மருத்துவமனையைத் தளமாகக் கொண்டு, 2000-ஆம் ஆண்டு வாக்கில் அந்த ஆய்வு தொடங்கியது. மாவட்டத்தின் 114 ஊர்த் தொகுதிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். 57 தொகுதிகளில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனை. மீதி 57-இல் வழக்கமாகக் கிடைக்கும் மருத்துவம் மட்டும். பரிசோதனைக்குப் பெரிய கருவி எதுவும் கிடையாது. வினிகரில் இருக்கும் அதே அசிட்டிக் அமிலத்தை நீர்த்த கரைசலாக்கிப் பஞ்சில் நனைத்து, கர்ப்பப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் காத்திருக்க வேண்டும். கோளாறான செல்கள் இருக்கும் இடம் வெள்ளையாகத் தடித்துக் காட்டும். நல்ல விளக்கு வெளிச்சமும் பயிற்சி பெற்ற செவிலியரின் கண்ணும் போதும். முடிவுக்காக ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம். அந்தப் பெண் மேசையிலிருந்து இறங்குமுன் தெரிந்துவிடும்.

2007-இல் 'லான்செட்' இதழில் முடிவுகள் வெளியாயின. பரிசோதனை நடந்த ஊர்களில் இந்தப் புற்றுநோய் 25 சதவீதமும், அதனால் நேர்ந்த சாவு 35 சதவீதமும் குறைவாக இருந்தன. ஒரே ஒரு முறை செய்த பரிசோதனைக்கு இத்தனை பலன் என்பது உலக அளவில் பேசப்பட்டது.

பேசப்பட்டதில் ஒரு பாதி மட்டுமே தமிழ்நாட்டு முகாம்களுக்கு வந்து சேர்ந்தது: மலிவு, எளிது, வினிகர் போதும் என்கிற பாதி. மற்றப் பாதிதான் இந்த ஆய்வின் உயிர். வெள்ளைத் திட்டு தெரிந்த 3,088 பெண்களில் 3,052 பேருக்கு உருப்பெருக்கிக் கருவி வழியாக அடுத்தகட்டப் பரிசோதனை நடந்துவிட்டது. விடுபட்டவர்கள் வெறும் 36 பேர். புற்றுநோய்க்கு முந்தைய மாற்றம் உறுதியான 1,874 பேரில் 72 சதவீதத்தினர் சிகிச்சை பெற்றார்கள். பலருக்கு அந்த வருகையிலேயே, செவிலியர் கையாலேயே, குளிர்ந்த வாயுவால் அந்த இடத்தை உறைய வைக்கும் கிரையோ சிகிச்சை கிடைத்தது. 'ஜி.ஹெச்.சுக்குப் போய்ப் பாருங்கள்' என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பியிருந்தால் இந்த எண்கள் வந்திருக்குமா?

சந்தேகத்தை வலுப்படுத்த மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத் இருக்கிறது. அங்கே 1,31,746 பெண்களை வைத்து நடந்த ஆய்வில் இதே வினிகர் முறையையும், கர்ப்பப்பை வாய்ச் செல்களை எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியரையும், இந்தப் புற்றுநோய்க்குக் காரணமான எச்.பி.வி. வைரஸின் மரபணுவைத் தேடும் பரிசோதனையையும் தனித்தனிக் குழுக்களில் செய்து பார்த்தார்கள். 2009-இல் வெளியான முடிவின்படி, எச்.பி.வி. பரிசோதனை மட்டுமே சாவைப் பாதியாகக் குறைத்தது. வினிகரும் பாப் ஸ்மியரும் சொல்லிக்கொள்ளும்படி எதையும் மாற்றவில்லை. ஒரே கரைசல், ஒரே பஞ்சு, திண்டுக்கல்லில் ஒரு பலன், உஸ்மானாபாத்தில் வேறு பலன். பார்க்கும் கண்ணின் பழக்கம், பயிற்சியின் தரம், சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் கிடைத்தது என்பன எல்லாம் முடிவைப் புரட்டிப் போடும் அளவுக்கு முக்கியம் என்பதே இதற்கு நியாயமான விளக்கம்.

வயதும் ஒரு காரணம். மாதவிடாய் நின்ற பிறகு, கோளாறு தொடங்கக்கூடிய செல் வளையம் கர்ப்பப்பை வாயின் உட்குழாய்க்குள் ஏறிவிடுகிறது. வெளியிலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அது தெரியாது. திண்டுக்கல்லிலும் அதிகப் பலன் கண்டவர்கள் முப்பதுகளில் இருந்த பெண்களே. ஆனால் 2016-இல் வந்த தேசிய வழிகாட்டுதல் 30 முதல் 65 வயது வரை எல்லோருக்கும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை இதே வினிகர்ப் பரிசோதனை என்கிறது. ஐம்பத்தெட்டு வயதுப் பெண்ணிடம் 'ஒன்றும் இல்லை, நார்மல்' என்று சொல்லி அனுப்பும்போது, பார்க்க முடியாத இடத்தைப் பற்றியும் சேர்த்தே உறுதி கொடுக்கப்படுகிறது. வயதானவர்களுக்கு எச்.பி.வி. பரிசோதனைதான் பொருத்தம். பொய்த் தைரியம் கொடுப்பதைவிட அதற்கான செலவை ஏற்பது அரசுக்குக் கௌரவம்.

தமிழ்நாட்டுக்கு உரிய பாராட்டையும் சொல்லிவிட வேண்டும். 2007-இல் தேனி, தஞ்சாவூர் மாவட்டங்களில் வெள்ளோட்டம் பார்த்து, பிறகு மாநிலம் முழுவதும் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இந்தப் பரிசோதனையைக் கொண்டுவந்தது தமிழ்நாடு. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயதுப் பெண்களில் கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை ஒருமுறையாவது செய்துகொண்டவர்கள் இந்திய அளவில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். ஐந்து மடங்கு அதிகம் என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம். முப்பத்தைந்து வயதுக்குள் ஒருமுறை, நாற்பத்தைந்துக்குள் மறுமுறை என்று 70 சதவீதப் பெண்களை 2030-க்குள் பரிசோதிக்க வேண்டும் என்ற உலக சுகாதார நிறுவனத்தின் இலக்கோடு வைத்துப் பார்த்தால் கை தானாகக் கீழே இறங்கும். அந்தக் கணக்கெடுப்பில் இன்னொரு விசித்திரம்: இந்தக் கேள்வி ஐம்பது வயதோடு நின்றுவிடுகிறது. அதற்கு மேற்பட்ட பெண்கள் பரிசோதனை செய்துகொண்டார்களா இல்லையா என்று கேட்கக்கூட ஆள் இல்லை.

ஏன் வருவதில்லை? இலவசமாக, ஊர் தேடி வந்து அழைத்த திண்டுக்கல் ஆய்விலேயே மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டோர் வரவில்லை. கூச்சம் ஒரு பக்கம். ஒரு நாள் கூலி போகும் என்பது இன்னொரு பக்கம். 'எனக்குத்தான் ஒன்றும் இல்லையே' என்பதே எல்லாவற்றையும்விடப் பெரிய காரணம். நோய் தெரியுமுன் பார்க்கும் பரிசோதனைக்கு நோய் தெரிந்த பிறகே வருவோம் என்று சொல்வது போன்றது அது. இங்கேதான் விழிப்புணர்வுப் பேச்சுக்கு வேலை இருக்கிறது, மேடையில் அல்ல, திண்ணையில். ஏற்கெனவே போய்வந்த பக்கத்து வீட்டு அக்கா 'ஐந்து நிமிஷ வேலைதான், வலிக்காது' என்று சொல்வது பத்துத் துண்டறிக்கைக்குச் சமம்.

ஆனால் பேச்சு மட்டும் போதாது என்பதற்கு மும்பையிலிருந்து கடினமான சான்று உண்டு. டாட்டா நினைவு மருத்துவமனை 1998-இல் மும்பையின் குடிசைப் பகுதிகளில் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பெண்களை இரண்டு பிரிவாக்கியது. ஒரு பிரிவுக்குப் புற்றுநோய் பற்றிய விளக்கமும் இரண்டாண்டுக்கு ஒருமுறை பரிசோதனையும். மறு பிரிவுக்கு விளக்கம் மட்டும், அதுவும் ஒருமுறை. பரிசோதித்தவர்கள் டாக்டர்கள் அல்லர், பயிற்சி தரப்பட்ட சுகாதாரப் பணிப் பெண்கள். பன்னிரண்டு ஆண்டுகளில், விளக்கம் மட்டும் கேட்டவர்களைவிடப் பரிசோதிக்கப்பட்டவர்களில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 31 சதவீதம் குறைந்தது. பரிசோதனையற்ற பிரிவில் பெண்களை வைத்ததே அறமா என்று இந்த மூன்று ஆய்வுகளுக்கும் எதிராகக் காரசாரமான விவாதம் எழுந்தது. இந்தியாவில் அன்று வழக்கம் என்பதே பரிசோதனை இல்லாமைதான் என்பது ஆய்வாளர்களின் பதில். அந்தப் பதில் உண்மை. அதனாலேயே அது சங்கடமானது. இத்தனை பெண்களின் சாவை எண்ணிக் கிடைத்த அறிவை இன்றும் முழுதாகப் பயன்படுத்தாமல் இருப்பதற்குச் சாக்கு எதுவும் இல்லை.

மார்பகத்துக்கு வருவோம். அக்டோபர் மேடைகளில் தவறாமல் இடம்பெறுவது சுய பரிசோதனைச் செய்முறை விளக்கம்: கண்ணாடி முன் நில்லுங்கள், மூன்று விரல்களால் வட்டமாக அழுத்திப் பாருங்கள். சீனாவின் ஷாங்காய் நகரத்தில் நெசவாலைப் பெண்கள் 2,66,064 பேரை வைத்து இதை ஆராய்ந்தார்கள். பாதிப் பேருக்கு ஆண்டுக்கணக்கில் பயிற்சி, நினைவூட்டல், மேற்பார்வை. பத்தாண்டு கழித்துக் கணக்குப் பார்த்தபோது மார்பகப் புற்றுநோயால் இறந்தவர்கள் பயிற்சி பெற்றவர்களில் 135 பேர், பெறாதவர்களில் 131 பேர். வித்தியாசமே இல்லை. பயிற்சி பெற்றவர்களுக்குச் சாதாரணக் கட்டிகள் மட்டும் ஏறக்குறைய இரண்டு மடங்கு கண்டுபிடிக்கப்பட்டன. அத்தனைக்கும் பயமும் ஊசியும் கத்தியும். இந்த முடிவு 2002-லேயே வெளியானது. உடலில் மாற்றம் தெரிந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள் என்று சொல்வது சரி. மாதாமாதம் தன்னைத் தானே சோதிக்கும் பொறுப்பைப் பெண்ணின் தலையில் கட்டிவிட்டு, அதையே திட்டம் என்று அழைப்பது சரியல்ல.

அதே மும்பை ஆய்வில் சுகாதாரப் பணிப் பெண்கள் கையால் தொட்டுப் பார்த்த மார்பகப் பரிசோதனைக்கு, இருபதாண்டு கழித்து 2021-இல் வெளியான கணக்கில், ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் சாவு 30 சதவீதம் குறைந்திருந்தது. ஐம்பதுக்குக் கீழே பலன் தெரியவில்லை. விலையுயர்ந்த மேமோகிராம் இல்லாமலே கிடைத்த பலன் இது. எந்த வயதுப் பெண்களை முகாம்களும் கணக்கெடுப்புகளும் மறந்துவிடுகின்றனவோ, அவர்களுக்குத்தான் இது உதவியது.

மாஸ்டர் செக்கப்பின் கதை நேர் எதிரானது. அங்கே குறைவாக அல்ல, அதிகமாகச் செய்கிறார்கள். பெண்களுக்கான பேக்கேஜ்களில் சி.ஏ.125 என்ற ரத்தப் பரிசோதனையைச் சேர்ப்பது உண்டு, சினைப்பைப் புற்றுநோய்க்காம். அமெரிக்காவில் 78,216 பெண்களிடம் இதையும் ஸ்கேனையும் சேர்த்துச் செய்த ஆய்வு 2011-இல் வெளியானது. சாவு குறையவில்லை. நோய் இல்லாமலே 'பாசிட்டிவ்' என்று வந்தவர்கள் 3,285 பேர். அவர்களில் 1,080 பேர் அறுவை சிகிச்சை மேசைக்குப் போனார்கள். 163 பேருக்குக் கடும் சிக்கல் ஏற்பட்டது. பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களிடம் நடந்த ஆய்வும் 2021-இல் அதையே சொன்னது. அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்தச் சோதனை வேண்டாம். இருந்தும் அறுபது, எழுபது அயிட்டம் என்று பட்டியல் நீளமாக இருந்தால்தான் பேக்கேஜ் விலை போகிறது.

பயத்தை விற்பதன் உச்சத்தை மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டம் 2019-இல் காட்டியது. கரும்பு வெட்டப் போகும் பெண்களிடம் பெருமளவில் கர்ப்பப்பை அகற்றப்பட்டிருந்தது தெரியவந்தது. வெள்ளைப்படுதல், வயிற்றுவலி என்று போனவர்களிடம் 'கேன்சர் ஆகிவிடும்' என்று சொல்லியே பலருக்கு அறுத்திருந்தார்கள். புற்றுநோய் என்று ஒன்று உண்டு என்பது அந்தப் பெண்களுக்குத் தெரிந்திருந்தது. அது எப்படி வரும், எதைப் பார்த்து உறுதி செய்வார்கள் என்பது தெரிந்திருக்கவில்லை. அரைகுறை விழிப்புணர்வு இப்படியும் வேலை செய்யும்.

பரிசோதனைக்கு வெளியிலும் தடுப்பு உண்டு. சென்னைப் புற்றுநோய்ப் பதிவேடு எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து கணக்கு வைத்திருக்கிறது. ஒரு காலத்தில் பெண்களிடம் முதலிடத்தில் இருந்த கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய், முறையான பரிசோதனைத் திட்டம் வருவதற்கு முன்பே ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டு வந்தது. திருமண வயது ஏறியது, பிள்ளைப்பேறு குறைந்தது, தண்ணீரும் கழிப்பறையும் வந்தன. பெண் குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பியதைப் புற்றுநோய்த் தடுப்பு என்று எந்த முகாம் பேனரிலும் போட்டதில்லை.

ஒருநாள் முகாமோடு நின்றுவிடாமல் தொடர்ந்து போய்க் கதவைத் தட்டுவதற்கும் ஒரு முன்மாதிரி கையிலேயே இருக்கிறது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், சுகர், பிரஷர் மாத்திரைகளை மகளிர் தன்னார்வலர்கள் வீட்டுக்கே கொண்டுபோய்த் தருகிறார்கள். வீட்டு வேலையை விட்டுவிட்டு மாத்திரை வரிசையில் நிற்க முடியாத பாட்டிகளுக்கு இது பெரிய உதவி. மார்பகப் பரிசோதனைக்கும் எச்.பி.வி. மாதிரி எடுப்பதற்கும் இதே வழியைப் பயன்படுத்தலாம். வைரஸ் பரிசோதனைக்கான மாதிரியைப் பெண் தானே எடுத்துக்கொள்ள முடியும் என்பதால் கூச்சத் தடையும் பாதி விலகும். அந்தத் தன்னார்வலர்களுக்குத் தருவது ஊக்கத்தொகையாக இல்லாமல் சம்பளமாக இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

அதுவரை, முகாமுக்கோ செக்கப்புக்கோ போகும் பெண்கள் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரிடம் இரண்டு கேள்வி கேட்கலாம்: இந்தப் பரிசோதனை என் வயதுக்குப் பொருந்துமா? கோளாறு என்று வந்தால் அடுத்து என்னைப் பார்க்கப்போவது யார், எங்கே, எந்தத் தேதியில்? இரண்டாவது கேள்விக்குத் தேதியோடு பதில் வராவிட்டால், அந்த முகாமை நடத்தியவர்களிடம் அதைக் கேட்டு வாங்குங்கள்.