விகாரை வாசலில் கிறித்தவப் பயணி

1968 டிசம்பர் தொடக்கத்தில் இரண்டு கத்தோலிக்கக் குருக்கள் பொலன்னறுவையில் கல் விகாரைக்கு இறங்கும் பாதையில் நடந்துபோனார்கள். ஒருவர் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்து டிராப்பிஸ்ட் மடத்துத் துறவி தாமஸ் மெர்ட்டன். மற்றவர் வழித்துணையாக வந்த குரு முதல்வர். பாறையில் குடைந்த புத்தர்கள் தெரியத் தொடங்கியதும் குரு முதல்வரின் நடை தளர்ந்தது. அந்நிய வழிபாட்டிடம் என்ற கூச்சம் அவருக்கு. மரத்தடி ஒன்றில் உட்கார்ந்து வழிகாட்டிப் புத்தகத்தை விரித்துக்கொண்டார். மெர்ட்டன் காலணியைக் கழற்றிவிட்டு, ஈரப்புல்லும் ஈரமணலும் உள்ளங்காலில் பட, சிலைகளுக்கு அருகே போனார். அவருடைய ஆசிய நாட்குறிப்பில் இந்தக் காட்சி இருக்கிறது.

பௌத்த ஆலயங்களுக்குப் போன கிறித்தவர்கள் எழுதிவைத்தவற்றைச் சில ஆண்டுகளாகத் தேடிப் படித்துவருகிறேன். எழுநூறு ஆண்டுகளுக்கும் மேலான எழுத்து அது. கடிதம், அறிக்கை, பயண நூல், நாட்குறிப்பு, இறையியல் என்று பல வடிவம். படிக்கப் படிக்க, இந்த மரத்தடியும் ஈரப்புல்லும் எல்லாவற்றிலும் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கிறேன். பல பக்கங்களில் இரண்டு பேரும் ஒரே ஆளுக்குள் இருக்கிறார்கள். நானும் ஞானஸ்நானம் பெற்றவன். விகாரை வாசலில் செருப்பைக் கழற்றக் குனியும்போது வருகிற அந்தத் தயக்கம் எனக்கும் தெரியும்.

தொடக்கமாக வைக்க வேண்டியவர் ரூப்ரூக்கின் வில்லியம். பிரான்சிஸ்கன் சபைத் துறவி. 1253இல் புறப்பட்டு மங்கோலியப் பேரரசின் தலைநகரான காரகோரம் வரை போய்வந்து, பிரான்ஸ் மன்னர் ஒன்பதாம் லூயிக்கு நீண்ட அறிக்கை எழுதினார். தம் சபை வழக்கப்படி வெறுங்காலோடு நடந்த அவருக்கு மங்கோலியக் குளிரில் கால்விரல் நுனிகள் உறைந்துபோயின. வழியில் பௌத்த ஆலயங்களுக்குள் நுழைந்து பார்த்தார். மழித்த தலை, காவி உடை, கையில் உருளும் மணிமாலை, ஓயாமல் உச்சரிக்கும் மந்திரம் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். 'ஓம் மணி பத்மே ஹூம்' ஐரோப்பிய ஏட்டில் முதலில் ஏறியது அவர் கையால்தான், சற்றுச் சிதைந்த ஒலியில்.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறோர் இடம். காரகோரத்தில் ஓர் ஆலயத்துக்குள் போகிறார். துறவிகள் பேசாமல் அமர்ந்திருக்கிறார்கள். அவர்களைப் பேசவைக்கப் பலவிதமாக முயல்கிறார், ஒன்றும் நடக்கவில்லை. 1254 மே இறுதியில் மங்கோலியப் பேரரசர் மங்கு கானின் ஆணைப்படி சமய வாதம் நடந்தது. கிறித்தவரும் முஸ்லிமும் பௌத்தரும் கூடிய சபை அது. வாதம் முடிந்ததும் மற்றவர்கள் உரக்கப் பாடினார்கள், பௌத்தர்கள் மௌனமாக இருந்தார்கள், பிறகு எல்லோரும் சேர்ந்து குடித்தார்கள் என்று எழுதுகிறார். தம் வாதத்தைக் கேட்டு யாரும் விசுவாசத்துக்கு வரவில்லை என்பதையும் மறைக்கவில்லை. வந்தது வாதத்துக்கு, ஆனால் அவர் ஏட்டில் அழுத்தமாகப் பதிந்திருப்பது மௌனம். இந்த நேர்மைக்காகவே அவரைப் பின்வந்த பலருக்கும் மேலாக வைப்பேன்.

மார்க்கோ போலோ இலங்கையைப் பற்றிய பகுதியில் சாக்கிய முனியாகிய புத்தரின் கதையைச் சொல்லி, அவர் கிறித்தவராக இருந்திருந்தால் பெரிய புனிதராகியிருப்பார் என்கிறார். அதற்குப் பல நூற்றாண்டு முன்பே அவர் புனிதராகிவிட்டார் என்பது போலோவுக்குத் தெரியாது. அரண்மனையைத் துறந்த இளவரசனின் கதை பாரசீகம், அரபு, ஜார்ஜிய மொழி, கிரேக்கம் என்று கைமாறி, போதிசத்துவர் 'யோசபாத்' ஆகி, பின்னாளில் ரோமானியத் திருச்சபையின் புனிதர் பட்டியலிலும் நவம்பர் 27ஆம் நாளுக்கு உரியவராக இடம்பெற்றார். பயணிகள் விகாரைக்குப் போகும் முன்பே புத்தர் பெயர் மாறிக் கோயிலுக்கு வந்திருந்தார்.

புனித பிரான்சிஸ் சவேரியாரை நாம் முத்துக்குளித்துறையோடும் கோட்டாற்றோடும் சேர்த்தே நினைக்கிறோம். கடற்கரை மக்களுக்காகத் தமிழில் செபங்களை மனப்பாடம் செய்த அதே மனிதர் 1549 ஆகஸ்ட் 15 அன்று ஜப்பானில் ககோஷிமாவில் இறங்கினார். அங்கே ஃபுகுஷோஜி என்ற சென் மடத்தின் முதிய தலைவர் நின்ஷிட்சுவோடு அவருக்கு நல்ல நட்பு உண்டாயிற்று. ஆன்மா அழியாதது என்று ஒருநாள் சொல்கிறார், மறுநாள் இல்லை என்கிறார் என்று சவேரியார் தம் கடிதத்தில் ஆச்சரியப்படுகிறார். சென் துறவியிடம் உறுதியான விடையை எதிர்பார்த்தது கேட்டவரின் பழக்கம். அது இன்று நமக்குத் தெரிகிறது, அன்று அவருக்குத் தெரியவில்லை. தியானத்தில் அமர்ந்திருந்தவர்களைக் காட்டி இவர்கள் என்ன செய்கிறார்கள் என்று சவேரியார் கேட்டதாகவும், சிலர் காணிக்கைக் கணக்குப் போடுகிறார்கள், சிலர் நல்ல உடையை நினைக்கிறார்கள் என்று நின்ஷிட்சு சிரித்ததாகவும் பின்னாளில் இயேசு சபைக் குரு லூயிஸ் ஃப்ரோயிஸ் எழுதினார். தன் மடத்தைப் பற்றி வந்தவரிடம் இப்படிச் சொல்லிச் சிரிக்க முடிகிற தலைவருக்கு, அந்த வந்தவர்மேல் எவ்வளவு நம்பிக்கை இருந்திருக்க வேண்டும்!

இந்தத் துறையில் இன்னும் போதிய கவனம் பெறாத பெரிய ஆளுமை இப்போலித்தோ தெசிதேரி. இத்தாலிய இயேசு சபைக் குரு. 1716 மார்ச்சில் லாசா சேர்ந்தார். தம் மறையை விளக்கித் திபெத்திய மொழியில் எழுதி அரசர் லாசாங் கானிடம் கொடுத்தார். முதலில் எங்கள் நூல்களைப் படியுங்கள், வாதம் பிறகு நடக்கட்டும் என்றார் அரசர். தெசிதேரி அப்படியே செய்தார். ரமோசே ஆலயத்திலும் பிறகு சேரா மடத்திலும் உட்கார்ந்து பாடம் கேட்டார். சூனியவாதம் விளங்கும்வரை விடவில்லை. விளங்கிய பிறகு, திபெத்தியத் தருக்க முறையிலேயே மறுபிறவியையும் சூனியத்தையும் மறுத்து நூல்கள் எழுதினார். அவர் பௌத்தத்தை ஏற்கவில்லை. படைத்த கடவுள் இல்லாத ஒரு சமயத்தில் இத்தனை ஒழுக்கமும் கருணையும் எப்படி என்ற கேள்வியை மட்டும் மழுப்பாமல் ஏந்திக்கொண்டார். உடன்பட்டால்தான் மதிப்பு என்று இன்று பலரும் நினைக்கிறோம். பல ஆண்டு படித்துவிட்டு முடியாது என்று சொல்வதும் மதிப்புத்தான் என்பதற்கு அவர் சாட்சி. திபெத்திலிருந்து வெளியேறிய பின் 1726இல் புதுச்சேரிப் பக்கம் வந்து கர்நாடக மறைத்தளத்தில் ஓராண்டளவு இருந்து தமிழும் கற்றார். அவருடைய திபெத்துக் குறிப்புகள் அச்சேறியது 1904இல்தான். இடைப்பட்ட காலத்தில் ஐரோப்பா அவரை அறியாமலே பௌத்தத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டு எனக்கு ஏமாற்றம் தருவது. பிரெஞ்சுக் குரு ஏவரிஸ்த் யூக் 1846இல் லாசா சேர்ந்தார். அவருடைய பயண நூல் சுவையானது. ஆனால் அவர் கண்ணுக்குப் பட்டதெல்லாம் ஒற்றுமைதான்: லாமாவின் தொப்பியில் ஆயரின் தொப்பி, தூபக்கலசத்தில் நம் தூபக்கலசம், மறுமொழிப் பாட்டில் நம் சங்கீதம். கடைசியில், திபெத்திய பௌத்தச் சீர்திருத்தர் சோங்கப்பாவுக்குக் கற்பித்த நீண்ட மூக்குடைய மேற்கத்திய ஆசான் ஒரு கத்தோலிக்க மறைபரப்பாளராக இருந்திருக்கலாம் என்ற ஊகத்துக்கும் போய்விடுகிறார். அடுத்தவர் வீட்டில் தன் முகக்கண்ணாடியை மாட்டிவைத்துப் பார்ப்பது இது. மரத்தடியில் உட்கார்ந்த குரு முதல்வராவது அந்த இடம் தமக்கு அந்நியம் என்று ஒத்துக்கொண்டார்.

ஆங்கிலிக்கன் ஆயர் ரெஜினால்ட் ஹீபர் ஆசியாவைப் பார்க்கும் முன்பே, 1819இல், இலங்கையின் இயற்கையைப் புகழ்ந்து அதன் மக்களை இழித்துச் சொல்லும் ஒரு மறைபரப்புப் பாடலை எழுதிவிட்டார். காந்தியடிகளையே அது வருத்தியது. ஹீபர் 1826இல் திருச்சிராப்பள்ளியில் இறந்தார். நேரில் வந்து பார்த்த ஹீபரின் குறிப்புகளில் மென்மை உண்டு. உலகம் நினைவில் வைத்தது பாட்டைத்தான்.

நார்வே நாட்டு லூத்தரன் மறைபரப்பாளர் கார்ல் லுட்விக் ரைகெல்ட் வேறு வழியில் போனார். சீன பௌத்த மடங்களில் பல காலம் பழகி, வந்துபோகும் பிக்குகள் தங்க ஹாங்காங்கில் தாவ் ஃபோங் ஷான் என்ற குன்றின்மேல் ஒரு நிலையம் அமைத்தார். பௌத்த மடத்தின் கட்டட அமைப்பு, தாமரையின்மேல் சிலுவை. 1938இல் தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில் கூடிய உலக மறைபரப்பு மாநாட்டில் இந்த அணுகுமுறை கடுமையாக விவாதிக்கப்பட்டது. பிற சமயங்களுக்கும் நற்செய்திக்கும் இடையே தொடர்ச்சி இல்லை என்று டச்சு இறையியலாளர் ஹெண்ட்ரிக் கிரேமர் வாதாடிய மாநாடு அது.

ஹிரோஷிமாவில் அணுகுண்டுக்குத் தப்பிய ஜெர்மானிய இயேசு சபைக் குரு ஹூகோ லசால், பிறகு சென் மடத்தில் தியானம் பயின்றார். காமகுராவில் சென் ஆசான் யமாதா கோவுன் ரோஷியிடம் பயின்ற கிறித்தவர்களில் நம்மவர் ஒருவர் உண்டு: இயேசு சபைக் குரு ஆமா சாமி. 1996இல் கொடைக்கானலுக்கு அருகே பெருமாள்மலையில் போதி சென்டோ என்ற தியான மையத்தை நிறுவினார். இவர்களோடு பயணி என்ற சொல்லே பொருந்தாமல் போகிறது. தாய்லாந்தில் எட்டாண்டு ஊழியம் செய்த ஜப்பானியர் கோசுகே கொயாமாவும் அப்படித்தான். வயலில் எருமையோடு உழும் பௌத்த விவசாயிக்கு விளங்காத இறையியல் எதற்கு என்று தொடங்கியவர் அவர்.

மறுபடி மெர்ட்டனிடம் வருகிறேன். கல் விகாரையில் கிடந்த நிலையில் உள்ள புத்தர் ஏறத்தாழ 14 மீட்டர் நீளம். பக்கத்தில் கைகளைக் குறுக்கே மடக்கி நிற்கும் உருவம் ஏறத்தாழ 7 மீட்டர் உயரம். அதைப் புத்தரின் சீடர் ஆனந்தர் என்றே மெர்ட்டன் எடுத்துக்கொண்டார். அந்தப் புன்னகையில் எவரோடும் வாதாடாத, எதையும் தள்ளாத ஓர் அமைதியைக் கண்டதாகவும், தாம் இத்தனை காலம் தெளிவில்லாமல் தேடியது அங்கே துலங்கியதாகவும் எழுதினார். உடனே எழுதவில்லை. சில நாள் கழித்தே எழுதினார். ஒரு விருந்தில் இதைப் பேசிக் கெடுத்துவிட்டேனோ என்றும் வருந்தினார். இந்த வருத்தம்தான் அவர் சொன்னதை நம்பவைக்கிறது. பொலன்னறுவைக்குப் போவதற்குச் சில நாள் முன்பு அவர் சென்னையில் சாந்தோமிலும் பரங்கிமலையிலும் மாமல்லபுரத்திலும் இருந்தார். டிசம்பர் 10 அன்று பாங்காக் அருகே மின்விசிறியிலிருந்து மின்சாரம் தாக்கி இறந்தார். வியட்நாம் போரை எதிர்த்த அவருடைய உடல், அந்தப் போரில் இறந்த வீரர்களின் உடல்களோடு அமெரிக்க ராணுவ விமானத்தில் ஊர் திரும்பியது.

ஆனால் மெர்ட்டன் நின்ற இடத்தில் ஒரு தமிழ்க் கிறித்தவரால் அதே மனத்தோடு நிற்க முடியுமா? அந்த மண்ணோடு நமக்கும் பழைய தொடர்பு உண்டு: சோழர் காலத்தில் பொலன்னறுவைக்கு ஜனநாதமங்கலம் என்று பெயர். ஈழத்தின் வடக்கிலும் கிழக்கிலும் குருந்தூர்மலை, தையிட்டி போன்ற இடங்களில் விகாரை என்பது நிலத்தைப் பற்றிய வழக்காகிவிட்டது. தன் காணியின்மேல் எழும் புத்தர் சிலையில் அமைதியைப் பார் என்று யாரும் அந்த மக்களிடம் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. மேற்கத்தியப் பயணிக்கு அந்தச் சுமை இல்லை. அவர் எழுத்தைப் படிக்கும்போது இதை நாம் மறக்கலாகாது. இதற்கு நடுவிலும் களனியில் இயேசு சபைக் குரு அலோசியஸ் பீரிஸ் 1974இல் தொடங்கிய துலான ஆய்வு மையத்தில் பௌத்தத் துறவியும் பௌத்தக் கலைஞர்களும் தங்கள் கண்ணால் கண்ட இயேசுவைப் படைத்துவைத்திருக்கிறார்கள். பயணி பார்த்ததையே படித்துவந்த எனக்கு, பார்க்கப்பட்டவர் திரும்பிப் பார்ப்பது பெரிய நிம்மதி.

நம் பக்கத்துக் கணக்கும் ஒன்று இருக்கிறது. கடலுக்கு அப்பாலிருந்த ஸ்ரீவிஜய அரசர்கள் நாகப்பட்டினத்தில் எழுப்பிய சூளாமணி விகாரைக்கு ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடுத்தான். அந்தப் பௌத்த மரபின் கடைசிச் சின்னமாக நின்ற செங்கல் கோபுரத்தை 1867இல், அரசின் அனுமதியோடு, இயேசு சபையார் தங்கள் கட்டடப் பணிக்காக இடித்தார்கள். தெசிதேரியின் சபைதான். அந்த வளாகத்திலும் சுற்றிலும் மண்ணுக்குள் இருந்து முந்நூறுக்கும் மேற்பட்ட வெண்கலப் படிமங்கள் கிடைத்தன.

மயிலை சீனி வேங்கடசாமி 'கிறித்தவமும் தமிழும்' எழுதிய கையாலேயே 'பௌத்தமும் தமிழும்' எழுதினார். அவருக்குப் பின் இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் கிறித்தவ எழுத்து நம்மிடம் வளரவில்லை. கண்டிக்கும் பாங்காக்குக்கும் போய்வரும் விசுவாசிகள் அங்கே தங்களுக்கு நேர்ந்ததை, தயக்கத்தையும் சேர்த்து, எழுத வேண்டும். போக முடியாதவர்களுக்கும் வழி உண்டு. சாந்தோம் பேராலயத்திலிருந்து எழும்பூர் அருங்காட்சியகம் தொலைவில்லை. நாகப்பட்டினத்துப் புத்தர்கள் அங்கே இருக்கிறார்கள். ஒருநாள் போய், கொஞ்ச நேரம் பேசாமல் நின்று பாருங்கள்.