டைட்டானியமா, சோடியமா, எஃகா? எல்எஸ்7 எஞ்சினின் வால்வுகள்

வேகத்துக்காக எஞ்சின் கட்டுபவர்களிடம் எந்த வால்வு நல்லது என்று கேட்டால், பெரும்பாலும் ஓர் உலோகத்தின் பெயர்தான் பதிலாக வரும். டைட்டானியம் மேல், எஃகு கீழ் என்றொரு படிவரிசை பலர் மனத்தில் உறைந்துவிட்டது. அந்த வரிசை எங்கே செல்லும், எங்கே செல்லாது என்று உரசிப் பார்க்க ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ்7 நல்ல உரைகல்.

2006 கார்வெட் இசட்06 காரோடு வந்த 7 லிட்டர் வி8 எஞ்சின் அது. 505 குதிரைத்திறன், 7000 ஆர்பிஎம் வரை சுழலும். சிலிண்டருக்கு இரண்டே வால்வுகள். இன்டேக் வால்வு ஏறத்தாழ 56 மி.மீ. அகலமுள்ள டைட்டானியம். எக்ஸாஸ்ட் வால்வு சுமார் 41 மி.மீ.; உள்ளே குடைந்து சோடியம் அடைத்தது. விலை கூடிய இரண்டையும் கம்பெனியே பொருத்தித் தந்திருக்கிறது. ஆனாலும் இந்த எஞ்சினைத் திறப்பவர்களிடையே இவற்றை வைத்துக்கொள்வதா, கழற்றிப் போடுவதா என்ற வாதம் ஓயவில்லை. சில எஞ்சின்களில் வால்வு கைடுகள், அதாவது வால்வின் தண்டு நழுவி ஓடும் குழல்கள், சீக்கிரமே தேய்ந்தன. எக்ஸாஸ்ட் வால்வின் தலை முறிந்து பிஸ்டன்மேல் விழுந்து எஞ்சினே நாசமானதும் உண்டு.

முதலில் இன்டேக். 7000 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 58 முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய 15 மி.மீ. இறங்கி ஏறுகிறது. அதைக் கேமின் வடிவத்தை விட்டு விலகாமல் பிடித்து வைப்பது ஸ்பிரிங்கின் வேலை. அதற்குத் தேவையான விசை எடைக்கு நேர்விகிதத்திலும் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பவும் கூடும். 6000-லிருந்து 7000-க்குப் போனாலே 36 விழுக்காடு அதிகம். ஸ்பிரிங் தோற்றால் வால்வு மிதக்கும். மிதக்கும் வால்வு பிஸ்டனைத் தொட அதிக நேரம் ஆகாது. டைட்டானியத்தின் அடர்த்தி எஃகினுடையதில் பத்தில் ஆறு பங்கைக்கூட எட்டாது. அதே குடும்பத்து எல்எஸ்2 எஞ்சினின் எஃகு வால்வைவிட 22 விழுக்காடு அதிகப் பரப்பு இருந்தும் எல்எஸ்7 இன்டேக் வால்வு 21 கிராம் குறைவு என்பது கம்பெனி தந்த கணக்கு. இதே அகலத்துக்கு எஃகு போட்டால் ஸ்பிரிங்கைக் கடினமாக்க வேண்டும். அந்தச் சுமை ராக்கர், புஷ்ராடு, கேம் என்று வரிசையாக இறங்கும்.

டைட்டானியத்தின் பலவீனமும் தெரிந்ததே. அதன் மேற்பரப்பு உரசலைத் தாங்காது, மேற்பூச்சுதான் காப்பு. அரைப்புப் பசை போட்டு லேப்பிங் செய்தால் பூச்சு போய்விடும், பிறகு தேய்மானம் ஓட்டமெடுக்கும். 2002-இல் வந்த ஹோண்டா சிஆர்எஃப்450ஆர் மோட்டோகிராஸ் பைக்கிலும் டைட்டானியம் இன்டேக் வால்வுகளே இருந்தன. தூசி நடுவே ஓடும் அந்த பைக்குகளில் பலர் எஃகுக்கு மாறியதில் நியாயம் உண்டு. ஏர் ஃபில்ட்டர் ஒழுங்காக உள்ள சாலைக் காருக்கு அந்த நியாயம் பொருந்தாது.

எக்ஸாஸ்ட் பக்கம் கேள்வியே வேறு. இங்கே எதிரி எடையைவிட வெப்பம். வால்வின் தலை 700 டிகிரி செல்சியஸைத் தொடும். வழக்கமான டைட்டானியக் கலவை அங்கே நிற்காது. வால்வு ஏற்கும் வெப்பத்தில் பெரும்பகுதி அது மூடும்போது உட்காரும் சீட் வழியாகவும் மிச்சம் அதன் தண்டான ஸ்டெம் வழியாகக் கைடுக்கும் போகிறது. 98 டிகிரியில் உருகும் சோடியம் குழிக்குள் மேலும் கீழும் அலைந்து, தலையின் சூட்டை ஸ்டெம்முக்குக் கடத்துகிறது. தலை குளிர்கிறது, எடையும் குறைகிறது. ஆனால் அந்தச் சூடு மறைந்துவிடுவதில்லை. கைடின்மேல் ஏறுகிறது. ராக்கர் ஸ்டெம்மைப் பக்கவாட்டில் தள்ளும்போது அந்த அழுத்தத்தையும் ஏற்பது அதே கைடுதான். துளை தளர்ந்தால் வால்வு சீட்டில் நேராக உட்காராது. ஒவ்வொரு முறை மூடும்போதும் தலை ஒரு பக்கமாக மோதி வளையும். இந்த வளைவைத் தாங்கும் இருப்பு, மெல்லிய சுவர்கொண்ட குடைந்த ஸ்டெம்முக்குக் குறைவு.

குடையாத எஃகு, குறிப்பாக 21-4என் என்ற குரோமியம், மாங்கனீசு, நிக்கல் கலவை, சற்றுக் கனமானது. சூட்டை வெளியே கடத்துவதிலும் பின்தங்கியது. ஆனால் சூட்டில் எளிதில் வலு இழக்காது, வளைவைத் தாங்கும். சிறிய வால்வு என்பதால் கூடும் எடையும் சமாளிக்கக்கூடியதே. ஸ்பிரிங்கை மட்டும் அதற்கேற்பத் தேர வேண்டும்.

எதிர்வாதம் ஒன்று வலுவானது. 2023 இசட்06-இன் எல்டி6 எஞ்சினிலும் ஜெனரல் மோட்டார்ஸ் இதே டைட்டானியம், சோடியம் ஜோடியைத்தான் வைத்தது. சோடியம் தவறென்றால் மீண்டும் ஏன்? தவறு சோடியத்தில் இல்லை என்பதே பதில். எல்டி6 8600 ஆர்பிஎம் வரை சுழல்வது; புஷ்ராடு இல்லாத, சிலிண்டருக்கு நான்கு சிறு வால்வுகள் கொண்ட வேறு கட்டமைப்பு. அங்கே ஒவ்வொரு கிராமும் கணக்கு. 7000-இல் நிற்கும் எல்எஸ்7-க்கு அவ்வளவு நெருக்கடி இல்லை. அதில் சோடியம் வால்வு சேமிக்கும் சில கிராமுக்கு எதிரே ஒரு முழு எஞ்சின் பணயமாக நிற்கிறது.

ஆகவே முடிவு இது. டர்போ இல்லாமல், சாலையிலும் அவ்வப்போது டிராக்கிலும் ஓடும் எல்எஸ்7-க்கு, பூச்சு கெடாத டைட்டானியம் இன்டேக்கை வைத்துக்கொள்ளலாம். எக்ஸாஸ்டுக்குக் குடையாத 21-4என் எஃகுதான். டர்போ பூட்டினால் இன்கோனெல் போன்ற நிக்கல் கலவைக்குப் போக வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் கைடு: புதிய வெண்கலக் கைடு போட்டு, அதன் துளையை மையமாக வைத்து சீட்டை வெட்டிய பிறகே வால்வுக்குப் பணம் எடுக்க வேண்டும். செலவைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் வால்வில் குறைக்கலாம். கைடு வேலையில் குறைத்தவருக்கு எந்த உலோகமும் உத்தரவாதம் தராது.